நோவு விட்டு விட்டு வந்தால்: தேக்கா பிள்ளைப்பேற்று மருத்துவமனையும் காத்திருத்தலின் கதையும்



தீபாவளி நெருங்கும் நாள்களில் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்களில் தேக்காவை மிதிக்காமல் திரும்புகிறவர் எவரும் இலர். சேலை, பூமாலை, ஆட்டிறைச்சி, வெற்றிலை என்று நம் கண்களெல்லாம் சந்தையின் மேலேயே இருக்கும். அந்தச் சந்தைக்கு அருகிலேயே, ஹேம்ப்ஷயர் சாலையில், பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. தரைப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் அங்கே வந்தது பின்னாளில்தான். அதற்கு முன் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர்ப் பெண்கள் பிள்ளை பெற்ற இடம் அது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். ஊரார் வாயில் அது ‘கேகே’ என்று சுருங்கிவிட்டது.

‘கண்டாங் கெர்பாவ்’ என்ற மலாய்ச் சொற்களுக்கு எருமைக் கொட்டில் என்பது பொருள். கால்நடை வணிகமும் பால் வியாபாரமும் அந்த வட்டாரத்தில் தழைத்திருந்த காலத்து நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. பக்கத்திலுள்ள பஃபலோ சாலையும் அதே நினைவைச் சுமப்பதுதான். ‘தேக்கா’ என்பதோ ஹொக்கியன் சீனச் சொல். மூங்கிலடி என்று அதைத் தமிழாக்கலாம். சீனர்கள் மருத்துவமனையையும் மூங்கிலடி மருத்துவமனை என்றே அழைத்தனர். சந்தைக்கும் பிரசவ மருத்துவமனைக்கும் ஒரே பெயர் அமைந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இரண்டு இடத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை அல்லவா?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பிள்ளைப்பேற்று நோவில் ஒரு வகை. வலி தொடங்கும், பிறகு நின்றுவிடும்; மறுநாள் இரவு மறுபடி வரும், விடிந்தால் காணாமற் போகும். நிறைமாதப் பெண் உறக்கமின்றித் தவிப்பாள். வீட்டாருக்கோ மருத்துவமனைக்குப் போவதா, பொறுப்பதா என்ற குழப்பம். இத்தகைய நோவில் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற கேள்விக்கு விடை தேடியே உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டிருக்கிறது. அந்த முயற்சியில் தேக்காவுக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில் நம் வீட்டு வழக்கத்தைப் பார்ப்போம். நிறைமாதத்தில் வயிறு இழுத்துப் பிடித்தால் நம் பாட்டிமார் உடனே பதறமாட்டார்கள். ‘சூட்டு வலியா, பிள்ளை வலியா?’ என்று கேட்பார்கள். சீரகத்தை வறுத்து நீர்விட்டுக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் கசாயமாகக் கொடுப்பார்கள். குடித்த பின் வலி அடங்கினால் அது சூட்டு வலி. அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் பிள்ளை வலி. எளிய சோதனைதான்; ஆனால் இதை முற்றும் மூடப்பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. லண்டன் மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872-இல் ஒன்றை எடுத்துக்காட்டினார். கருப்பை என்பது பேற்று நாளில் மட்டும் விழித்துக்கொள்ளும் உறுப்பன்று. கருவுற்ற காலம் நெடுகிலும் அது இடையிடையே இறுகித் தளர்ந்துகொண்டே இருக்கிறது என்றார். உடலில் நீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும், நெடுநேரம் நின்று வேலை செய்தாலும் இந்த இறுக்கம் மிகும். நீர் அருந்தி, சிறுநீர் கழித்து, ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் தணியும். ஆகவே கசாயம் கொடுத்துப் படுக்கவைத்த பாட்டி தன்னையறியாமலேயே சரியான சோதனையைச் செய்திருக்கிறாள். பெருமை சீரகத்துக்கா, அது வெந்த நீருக்கா என்று கேட்டால் நான் நீரின் பக்கமே சாய்வேன்.

உண்மையான நோவின் இலக்கணம் வேறு. அதன் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வலியும் முன்னதைவிட நீளும், வலுக்கும். நடந்தாலும் படுத்தாலும் விடாது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுதான் நம்மை அலைக்கழிப்பது. வலி பொய்யன்று, கருப்பையின் வாய் மெல்ல மென்மையாகித் திறக்கத் தொடங்கியிருக்கும், ஆயினும் வேகம் பிடிக்காது. தலைச்சன் பேற்றில் இது மிகச் சாதாரணம். குழந்தையின் முதுகு தாயின் முதுகுப்புறமாகத் திரும்பியிருந்தாலும் இப்படி நீளலாம். ஒன்றிரண்டு நாள் விட்டு விட்டு வந்து, பின்னர் முறையான பேறாகக் கனிவது உண்டு. தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள் என்று ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை இதனால் கேடு இல்லை. அப்படிப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லாத இடத்தில்தான் கேடு.

என் பாட்டிக்கு அப்படி ஒருவரும் இல்லை. 1944-ஆம் ஆண்டு, ஜப்பானியர் காலம். தாத்தாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் மருந்தும் இல்லை, டிரஸ்ஸரும் இல்லை. லயத்து மருத்துவச்சி ஒருத்திதான் துணை. மூன்று நாள் நோவு எடுத்தது. முதல் நாள் விட்டு விட்டு வந்தது, அப்புறம் விடவேயில்லை என்று பாட்டி சொல்வாள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. பாட்டி அந்த மருத்துவச்சியை ஒருநாளும் குறை சொன்னதில்லை. “அவளும் என்கூட மூணு நாள் தூங்கலே” என்பாள். உடனிருக்கும் அன்பு அவளிடம் இருந்தது. எந்த நேரத்துக்குமேல் காத்திருக்கக்கூடாது என்ற கணக்கு இல்லை. கணக்குத் தெரிந்திருந்தாலும் அனுப்பிவைக்க ஓர் இடம் இல்லை.

லயத்தில் மட்டுமா இப்படி? அரண்மனையிலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் இளவரசி சார்லட் 1817 நவம்பரில் ஐம்பது மணி நேரம் நோவுபட்டு, இறந்த ஆண்மகவைப் பெற்று, சில மணி நேரத்தில் தாமும் மாண்டார். இயற்கையின் போக்கில் விடவேண்டும் என்று கருவி எதையும் கையிலெடுக்காமல் காத்திருந்த மருத்துவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட், மூன்று மாதத்தில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அவரும் பொறுமைசாலிதான்.

இனித் தேக்காவுக்குத் திரும்புவோம். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பாலம் முறையாகத் திறக்கப்பட்ட ஆண்டு 1924. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், கண்டாங் கெர்பாவில் 30 படுக்கைகளோடு இலவசப் பிள்ளைப்பேற்று மருத்துவமனை தொடங்கியது. அக்காலத்தில் பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே பெற்றுக்கொண்டனர். மலாய்க்காரர் ‘பிடான்’ என்பார்கள், நாம் மருத்துவச்சி என்போம். மருத்துவமனை என்றால் சாவதற்குப் போகும் இடம் என்ற அச்சம் எல்லா இனத்தாரிடமும் இருந்தது. அந்த அச்சம் பத்திருபது ஆண்டுகளில் கரைந்ததற்குக் காரணம், அங்கே போனவர்கள் பிள்ளையோடு திரும்பி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அங்கு பணிசெய்த மருத்துவர்களுள் பெஞ்சமின் ஷியர்ஸ் குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில், 1971 முதல் 1981-இல் மறையும்வரை, சிங்கப்பூரின் அதிபராக இருந்தவர் அவரே. நின்றுபோன நோவுக்குக் கடைசி வழி வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பது. முன்னாளில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக வெட்டுவார்கள். இரத்தப்போக்கு மிகும்; தழும்பு பலவீனமாகி, அடுத்த பேற்றில் கிழியக்கூடும். கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டும் முறையை 1940-களில் சிங்கப்பூரில் கொண்டுவந்தவர் ஷியர்ஸ். இது எளிய சீர்திருத்தமன்று. அறுவை அவ்வளவு ஆபத்தாக இருந்த காலத்தில் மருத்துவர் அளவுக்கு மீறிக் காத்திருப்பார். அறுவை பாதுகாப்பானதும் காத்திருத்தலுக்கு ஓர் எல்லை வகுக்க முடிந்தது.

போருக்குப் பின் சிங்கப்பூரில் பிள்ளைகள் பெருகின. 1966-ஆம் ஆண்டில் மட்டும் கேகே மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் 39,800-க்கும் மேல். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 109. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் மிகுதியான பிறப்பு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. அரசு குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தைத் தொடங்கியதும் அதே 1966-இல்தான். படுக்கை போதாமல் தாழ்வாரத்திலும் கித்தான் கட்டில் போட்டார்கள். சுகப்பிரசவமானால் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த 39,800 பேரில் என் அண்ணனும் ஒருவர், பெரியம்மாவின் தலைச்சன். தாத்தா சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய பிறகு பிறந்தவர் பெரியம்மா. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். மகளுக்கு மாதம் நெருங்கியதும் பாட்டி தோட்டத்திலிருந்து பேருந்து ஏறிவிட்டாள். ஒரு வியாழன் இரவு வலி கண்டது. பெரியப்பாவும் பாட்டியும் கைத்தாங்கலாக நடத்தியே கூட்டிப்போனார்கள், நடக்கும் தூரம்தான். மிஸ்ஸி சோதித்துவிட்டு, இன்னும் வாய் திறக்கவில்லை, குழந்தை நன்றாக இருக்கிறது, வலி நெருங்கினால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பகல் முழுதும் வலியே இல்லை. இரவு மறுபடி வந்தது. பாட்டிக்கு 1944 நினைவு. சீரகக் கசாயம் போட்டுக் கொடுத்தாள். ஆனால் அது அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. மகளை மறுபடியும் இழுத்துக்கொண்டு ஓடினாள். இம்முறை படுக்கை கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை பிறந்தது.

பெரியம்மா இதைச் சொல்லும்போது சிரிப்பார். “எங்கம்மாவுக்கு நான் வலியிலே துடிக்கிறேன்னு கவலையில்லே, மிஸ்ஸி என்ன சொல்லுதுன்னுதான் கவலை” என்பார். வாயிற்கதவுக்கு அப்பால் உறவினரை விடாத காலம் அது. பாட்டி வெளியே சாலையோரத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். வலியைவிடத் தனிமைதான் பயமாக இருந்தது என்பதையும் பெரியம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் அதைச் சிரித்துச் சொல்லவில்லை.

ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோவில் இருக்கும்போது, யாருடைய நோவு முறையாகப் போகிறது, யாருடையது தடைப்பட்டுவிட்டது என்பதைத் தாதி எப்படிக் கண்டுகொள்வது? இந்தக் கேள்விக்கு விடையாக வந்தது இயந்திரமன்று, கட்டம் போட்ட ஒரு தாள். அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃப்ரீட்மன் 1954-55-இல் நூற்றுக்கணக்கான பெண்களின் கருப்பை வாய் மணிக்கு மணி எவ்வளவு திறக்கிறது என்று அளந்து வரைபடமாக்கினார். கோடு நேராக ஏறவில்லை. தொடக்கத்தில் நெடுநேரம் தரையோடு தரையாகத் தவழ்ந்து, பிறகு திடீரென்று மேலேறியது. அந்தத் தவழும் பகுதியைத்தான் நம் பெண்கள் விட்டு விட்டு வரும் வலியாக அனுபவிக்கிறார்கள். தலைச்சன் பேற்றில் அது 20 மணி நேரம்வரை நீளலாம் என்று ஃப்ரீட்மன் கணித்தார்.

அந்தத் தாளை எளியவர் கைக்குக் கொண்டுவந்தவர்கள் பில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள். அன்று ரொடீசியா எனப்பட்ட இன்றைய ஜிம்பாப்வேயில், சிற்றூர் மருத்துவச்சி தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு எப்போது பெண்ணை அனுப்பவேண்டும் என்பதே அவர்களுக்கு எழுந்த சிக்கல். நம் தோட்டங்களின் சிக்கலும் அதுதானே! 1972-இல் அவர்கள் வரைபடத்தில் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார்கள். முதற்கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை. அதற்கு நான்கு மணி நேரம் தள்ளியிருந்த இரண்டாம் கோட்டைத் தொட்டால் செயலில் இறங்கவேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் பென்சிலும் தாளும் கொண்டு போடக்கூடிய கணக்கு. என் வகுப்பில் நாலாம் ஆண்டு மாணவர்கள் போடும் வரைபடத்தைவிடக் கடினமன்று.

உலகச் சுகாதார நிறுவனம் இத்தாளை இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நம் வட்டார நாடுகளில் 35,484 பெண்களிடம் சோதித்தது. 18 மணி நேரத்தைத் தாண்டிய பேறுகள் நூற்றுக்கு 6.4-லிருந்து 3.4-ஆகக் குறைந்தன என்று 1994-இல் வெளியிட்டது. வியப்பு யாதெனில், நோவைத் தூண்டும் மருந்தின் பயன்பாடும் பாதிக்கும் கீழாகக் குறைந்ததுதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீண் அவசரமும் குறைந்தது.

மருந்தின் கதை சுருக்கமானது. பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையை இறுகச் செய்வதை ஹென்றி டேல் 1906-இல் கண்டார். அளவு தெரியாமல் ஊசியாகப் போட்டுக் கருப்பை கிழிந்த கொடுமைகளும் நிகழ்ந்தன. வின்சென்ட் டு விக்னியோ அதனுள் இருந்த ஆக்சிடோசினைச் செயற்கையாக உருவாக்கி 1955-இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பிறகு அதைத் துளித்துளியாக நரம்பில் ஏற்றும் முறை நிலைபெற்றது. இதில் தேக்காவுக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் 1970 முதல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறைக்குத் தலைவரானார். உகாண்டாவில் 1968-இல் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளைக் கொண்டு நோவை வரவழைத்துக் காட்டிய சுல்தான் கரீம் பின்னர் ரத்தினத்தின் துறையில் சேர்ந்து அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இன்று உலகெங்கும் கருப்பை வாயைக் கனியச் செய்யப் பயன்படுவது அவ்வகை மருந்தே.

ஆனால் அளவுகோலும் சில வேளை கொடுங்கோல் ஆகிவிடும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லையா, போடு ஊசி, எடு கத்தி என்ற போக்கு பல நாடுகளில் வளர்ந்தது. டப்ளின் நகர மருத்துவமனை ஒன்றில் கீரன் ஓ’டிரிஸ்கோல் என்பவர் தலைச்சன் பேற்றைப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்கும் முறையை வகுத்தார். அதில் மருந்தும் உண்டு. ஒவ்வொரு பெண்ணோடும் ஒரு தாதி விடாமல் உடனிருப்பதும் உண்டு. உலகம் மருந்தை எடுத்துக்கொண்டது, உடனிருப்பதை மறந்துவிட்டது. அதற்குத்தான் சம்பளம் தரவேண்டுமே!

2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் பழைய கணக்கைத் திருத்தியது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது. ஐந்து சென்டிமீட்டர் திறந்த பின்பே முழுநோவு தொடங்கியதாகக் கொள்ளலாம். அதற்கு முந்தைய மெதுவான கட்டத்துக்கு இத்தனை மணி என்று வரையறை கிடையாது. முழுநோவு தொடங்கிய பின் தலைச்சனுக்குப் பெரும்பாலும் 12 மணிக்குள்ளும், அடுத்த பிள்ளைகளுக்கு 10 மணிக்குள்ளும் முடியும் என்றது. நோவில் இருப்பவள் நீரும் உணவும் கொள்ளலாம், எழுந்து நடமாடலாம், தனக்கு வேண்டிய ஒருவரை உடன் வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

உடனிருக்க ஒருவர் என்பது நமக்குப் புதிய செய்தியா? திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையை அறியாதவர் யார்? காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் தாய் நின்றுவிட, நோவெடுத்த வணிகர் குலப் பெண்ணுக்கு ஈசனே தாயாக வந்து பேறு பார்த்தார் என்பது அது. எதையெல்லாமோ தரவல்ல இறைவன் அங்கே தாயின் கைகளாக வந்ததை எண்ணிப் பாருங்கள். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதுதான் வந்தவர் யாரென்று தெரிந்ததாம்.

வீட்டில் நிறைமாதப் பெண் இருந்து, வலி வந்து வந்து நின்றால், பகலில் அவளைத் தூங்க விடுங்கள். கஞ்சியோ பாலோ, பிடித்ததை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் குளிக்கலாம், இடுப்பைத் தேய்த்துவிடலாம், களைப்பு இல்லாதபோது மெல்ல நடக்கலாம். விளக்கெண்ணெய் கொடுத்து நோவை விரட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பேதியும் களைப்பும்தான் மிஞ்சும். ‘இன்னுமா பெறவில்லை?’ என்று மணிக்கொரு தரம் தொலைபேசியில் கேட்கும் உறவினரை ஒருவர் பொறுப்பேற்றுச் சமாளிக்கட்டும்.

சில அடையாளங்கள் தெரிந்தால் கசாயம் காய்ச்சிக்கொண்டு நிற்கவேண்டாம். நீர்க்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், காய்ச்சல் கண்டால், கடும் தலைவலியோடு கண் மங்கினால், 37 வாரம் நிறையுமுன் வலி வந்தால், அல்லது ஏற்கெனவே அறுவையில் பிள்ளை பெற்றவளுக்கு வலி கண்டால், அந்த நிமிடமே கிளம்பவேண்டும். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக, ஒரு மணி நேரம் விடாமல் வந்தாலும் கிளம்பலாம். தோட்டம் தொலைவென்றால் அதற்கும் முன்பே. போய்ப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் வெட்கப்படவேண்டாம். மறுநாளும் போகலாம், மூன்றாம் முறையும் போகலாம்.

கேகே மருத்துவமனை 1997-இல் புக்கித் தீமா சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. சென்ற தீபாவளிக்குப் பெரியம்மாவோடு தேக்காவுக்குப் போயிருந்தபோது, பழைய கட்டடத்தைக் காட்டச் சொன்னேன். அவர் கட்டடத்தை அதிகம் பார்க்கவில்லை. எதிரே சாலையோரத்தில் ஓரிடத்தைக் காட்டி, “இங்கதான் எங்கம்மா உட்கார்ந்திருந்தாங்க” என்றார்.